ஆறாம் நம்பர் ரூம் சீட்டுல மீதி பாதி

கோவமா இருக்கறேன், கோவத்தோடயே எழுதிக்கோன்னு நசீமாகிட்ட சொல்லிட்டேன். நான் சொல்ல சொல்ல எழுதறவ அவதான். தையக்காரி இல்லியா, எங்க கிழிசல் இருந்தாலும் உள்பக்கமா மடிச்சி தெச்சிடுவா. இதுல மடிக்காதடி, கிழிசல் தெரியட்டும்னு சொல்லிக்கினுதான் எதிர்ல ஒக்காந்திருக்கேன்.

என் பேரு பச்சையம்மா. கீழ்பென்னாத்தூர் பக்கம் பொறந்தவ. கல்யாணம் ஆயி வந்ததுலேந்து திருவண்ணாமலைதான். கிரிவல ரோட்டு பக்கத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல, வெள்ளக்காரங்க வந்து மாசக்கணக்குல தங்குவாங்களே அந்த மாதிரி எடத்துல, இருபத்தாறு வருஷம் ரூம் க்ளீன் பண்ணேன். நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. பேரப்புள்ளைங்க மூணு. முட்டிதான் போயிடுச்சி, வாய்க்கு ஒன்னும் ஆவல. எழுத படிக்க தெரியாது, ரேகை வெக்கிறவ. அத்த முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா எல்லாம் அங்கதான் வந்து நிக்கும்.

கோவம் எதுக்குன்னா, கஸ்தூரிக்காக. என்கூட வேல செஞ்சவ, இன்னும் அதே எடத்துல செய்யறா. முந்தாநேத்து சாயங்காலம் வந்து வாசப்படில ஒக்காந்து ஒரே அழுவ. இன்னாடின்னு கேட்டா, மெமோ குடுத்துட்டாங்களாம். இப்பல்லாம் கெஸ்ட்டுங்க வாயால எதுவும் சொல்றதில்ல, போன நீட்டிடறாங்க. அவங்க இங்கிலீஷ்ல சொன்னா போனு தமிழ்ல சொல்லுது. ஒரு வெள்ளக்காரம்மா நீட்டின போனு, "இன்று நீங்கள் படுக்கை விரிப்பை மாற்றினால் நான் மிகவும் மகிழ்ச்சி அடைவேன்"னு சொல்லிச்சாம்.

"மாத்தினா சந்தோஷம்னுதானக்கா சொல்லிச்சி? துவைச்சி போட்டது எதுவும் அன்னிக்கு காயல. சரி, சந்தோஷத்த நாளைக்கு பட்டுக்கட்டும்னு வுட்டுட்டேன்" அப்டின்றா கஸ்தூரி.

எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துடுச்சி. அப்புறம் கோவம் வந்துடுச்சி. அது சந்தோஷம் இல்லடி, ஆர்டரு. சக்கர பூசின ஆர்டரு. அவங்க ஊர்ல அப்டித்தான் கேப்பாங்க. இத்த அவளுக்கு சொல்லி குடுக்க அங்க ஒரு ஆளு கெடையாது. மெஷின்ல கட்டவெரல வைன்னு சொல்றதுக்கு மட்டும் ஆளு இருக்குது. மெமோ வாங்கிக்கினேன்றதுக்கு அத்தாட்சியா அவ வெரல வாங்கிட்டாங்களாம். வெரலுன்னு கேட்டவொடனே எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சி. ஏன்னு சொல்றேன்.

லாட்ஜுங்கள்ல வேல செய்யற பொம்பளைங்க சேந்து ஒரு சின்ன புக்கு போடறாங்களாம். யக்கா நீ சொல்லு, உனக்குதான் சொல்றதுக்கு நெறைய இருக்குதுன்னு கஸ்தூரி மூக்க சிந்திக்கினே சொன்னா. அதனாலதான் இது.

வேல கத்துக்கினது நாலே நாளு. விரிப்ப மூலைல மடிச்சி சொருவறது, பாத்ரூம் தரைய சுவரோரம் ஆரம்பிச்சி கதவு பக்கமா வந்து முடிக்கிறது, கண்ணாடிய நியூஸ் பேப்பர்ல தொடைக்கிறது, கெஸ்ட்டு சாமான நவுத்தினா எடுத்த எடத்துலயே வெக்கிறது. ஒருத்தரு மலையடிவாரத்துலேந்து கல்லு பொறுக்கியாந்து ஜன்னல் கட்டைல வரிசையா வெச்சிருப்பாரு. பதினேழு கல்லு. ஒரு நாளு தொடைக்கும்போது வரிசைய மாத்திட்டேன். அந்த மனுஷன் ஒக்காந்து அழுதுட்டாரு. அம்மாம் ஒசரமா ஒரு ஆம்பள அழுவறத பாத்து, எனக்கு இன்னா செய்யறதுன்னு தெரியாம கல்லுங்களுக்கு ஒரு கும்புடு போட்டேன். வுடுங்க, அது வேற கத.

நாலு நாள்ல வேல வந்துடுச்சி. பேச்சு வர நாலு வருஷம் ஆச்சி.

எனக்கு மொதல்ல தெரிஞ்சது குட்டு, நைஸு, ஹேப்பி, ஃபைன், சாரி, தாங்க்யூ. இந்த ஆற வெச்சிக்கினே ஒரு வருஷம் ஓட்டினேன். இதுல எது காதுல விழுந்தாலும் பல்ல காட்டணும், அவ்ளோதான். அப்ப ஒரு தாடிக்காரரு தங்கியிருந்தாரு. தெனம் காலைல என்ன பாத்து நைஸுன்னு ஆரம்பிச்சி டவலுன்னு முடிப்பாரு. ஆஹா, டவலு நைஸா இருக்குதாம்னு நெனச்சிக்கினு, "தாங்க்யூ சார்"னு கும்புடு போடுவேன். அவரும் திருப்பி போடுவாரு. மறுநாளும் நைஸு, டவலு, கும்புடு. அஞ்சாம் நாளு டவல தோள்ல போட்டுக்கினு நேரா மேனேஜர்கிட்ட போயிட்டாரு. மாத்தினா நைஸா இருக்கும்னு அஞ்சு நாளா கேட்டுக்கினு இருந்திருக்காரு பாவம். நான் அழுக்கு டவலுக்கு பாராட்டு வாங்கிக்கினு இருந்திருக்கேன்.

அன்னிக்கு வாங்கின திட்டுக்கு அப்புறம்தான் காத தீட்டிக்கினு கேக்க ஆரம்பிச்சேன். கேட்டு கேட்டு புடிச்சேன். ஒரு நல்ல வார்த்தைய மொதல்ல வெப்பாங்க. குட்டு, நைஸு, ஹேப்பின்னு. அதுக்கு பின்னாடியே "இஃப்"னு ஒரு சின்ன சத்தம் வரும். பூன தும்மினாப்ல. அந்த தும்மல் வந்துச்சின்னா உஷாராயிடணும். அவங்களுக்கு இன்னா வேணுமோ அது தும்மலுக்கு பின்னாடிதான் வரும். நம்ம பேச்சு எப்டி? "தண்ணி கொண்டாந்தா நல்லா இருக்கும்." தண்ணி மொதல்லயே வந்துடுச்சி. காது குடுக்காத சோம்பேறி கூட அத்த கேட்டுடுவான். அவங்க பேச்சுல நல்லா இருக்கும்ன்றது தலைல, தண்ணி வால்ல. பாதில எழுந்து போறவன் காதுல நல்லா இருக்குதுன்னு மட்டும்தான் விழும்.

தும்மலுக்கு பின்னாடி எப்பவும் வேல மட்டுந்தான் வரும்னும் சொல்ல மாட்டேன். ஒரு டீச்சரம்மா, மூணாம் நம்பரு ரூமு. நான் குனிஞ்சி நிமிந்து பெருக்கறத பாத்துட்டு, ஹேப்பி இஃப்னு ஆரம்பிச்சிச்சி. போச்சிடா, பெட்டிய தூக்க சொல்ல போவுதுன்னு நிக்கறேன். நாற்காலிய தள்ளி வுட்டு கைய காட்டுது. நான் ஒக்காந்தா அதுக்கு சந்தோஷமாம்! வேலைக்கு சேந்து அத்தன வருஷத்துல அந்த எடத்துல நாற்காலில ஒக்காந்தது அன்னிக்குதான். அந்த வழியா போன மேனேஜரு பாத்துட்டாரு. "ஏய், நாற்காலி கெஸ்ட்டுக்கு போட்டது." "கெஸ்ட்டுதான் சார் ஒக்கார சொன்னாங்க." "அவங்க மரியாதைக்கு சொல்லுவாங்க, ஒக்காந்துடுவியா?" அப்ப டவலு மாத்த சொன்னது மட்டும் மரியாதைக்கு இல்லியா? கேக்கல. அப்பல்லாம் கேக்க தெரியாது எனக்கு.

இந்த இஃப் சங்கதிய நசீமாகிட்ட சொன்னேன். அவ கடை கெஸ்ட் ஹவுஸுக்கு நேர் எதிர்ல. வெள்ளக்காரங்களுக்கு தொளதொளன்னு பைஜாமா தெச்சி குடுப்பா. பத்தாவது வரைக்கும் படிச்சவ.

"ஆமாக்கா, கிரேட் இஃப், கிரேட் இஃப்னு சொல்லியே ஒரே பைஜாமாவ மூணு தடவ பிரிக்க வெக்கிறாங்க"ன்னா.

"அந்த இஃப் எழுதினா எப்டி இருக்கும்? காட்டுடி."

துணி மேல சாக்பீஸால எழுதி காட்னா. ஒரு குச்சி, தல மேல புள்ளி. பக்கத்துல வளஞ்ச கைப்பிடி வெச்ச ஊனுகோலு, குறுக்க ஒரு கோடு. அவ்ளோதான். என் ஆயுசுக்கும் நான் எழுத்துன்னு கத்துக்கினது அந்த ரெண்டு.

"தமிழ்ல ஆனா ஆவன்னா தெரியாது, இங்கிலீஷ்ல ஒரு வார்த்த தெரியும். வேங்கிக்கால் போயி கலெக்டர் ஆபீஸ்ல வேல கேளுக்கா"ன்னு சிரிச்சா. இத்த எழுதும்போதும் சிரிக்கிறா.

இப்ப அந்த மேனேஜருக்கு வர்றேன். பேரு வேணாம். வெள்ள சட்ட, பாக்கெட்ல ரெண்டு பேனா, மூக்கு நுனில கண்ணாடி. கெஸ்ட்டுங்ககிட்ட பேசும்போது முதுகு தானா வளையும், "எஸ் மேடம், ஷ்யூர் மேடம்". அவங்க அந்தாண்ட திரும்பினவொடனே நிமிந்துடும், "ஏய், பக்கெட்ட எங்க வெச்ச?" ஒரே மனுஷனுக்கு ரெண்டு முதுகு.

எங்க எடத்துல ஒரு பழக்கம். இங்க வர்ற வெள்ளக்காரங்க பாதி பேரு மௌனம்னு ஒக்காந்துடுவாங்க. பத்து நாளு, நாப்பது நாளுன்னு வாய தொறக்க மாட்டாங்க. மௌனம்னு எழுதின அட்டைய நெஞ்சுல குத்திக்கினு சுத்துவாங்க. இன்னா வேணுமோ அத்த சீட்டுல எழுதி கதவு நாதாங்கில துணி கிளிப்பு போட்டு மாட்டிடுவாங்க. சீட்டு இருந்தா கதவ தட்டக் கூடாது. அது ரூலு. சீட்டுங்கள எடுத்துக்கினு கவுண்ட்டருக்கு வரணும். மேனேஜரு ஒன்னொன்னா படிச்சி, எந்த ரூமுக்கு இன்னா செய்யணும்னு சொல்லுவாரு. சொல்லிட்டு ஒரு நோட்ட நீட்டுவாரு. ரூம் நம்பருக்கு நேரா, பேர மட்டும் எழுத தெரிஞ்ச கஸ்தூரி கையெழுத்து போடுவா, நான் கட்டவெரல வெப்பேன். அதுக்கு அர்த்தம், சொல்லியாச்சி, இனிமே ஏதாச்சும் ஆனா இவ பொறுப்பு.

சீட்ட எப்டி படிப்பாருன்னு நீங்க பாத்திருக்கணும். கைய தூரமா நீட்டி, கண்ண சுருக்கி, மொத வரில பாதி. அதுல குட்டோ ஹேப்பியோ வந்துட்டா மூஞ்சி மலந்துடும். "குட்டாம். அடுத்தது." படிச்ச சீட்ட சும்மா தூக்கி போட மாட்டாரு. ரெண்டு வெரலால உருட்டி, வெளக்கு திரி மாதிரி திரிச்சி, காதுல வுட்டு குடைவாரு. கண்ணு அப்டியே சொருவிக்கும். ரெண்டாவது சீட்ட படிக்கும்போது மொத சீட்டு காதுக்குள்ள இருக்கும்.

"சார், அதுக்கு அப்புறம் இன்னா எழுதியிருக்குது?"ன்னு கேட்டா, "படிச்சவன் நானா நீயா?" முடிஞ்சிது. நாங்களா ரூமுக்கு போயி, கைய ஆட்டி ஜாடைல பேசி, டவலா சோப்பான்னு தெரிஞ்சிக்கினு வருவோம். அப்டியே வண்டி ஓடிச்சி. ஓடாத ஒரு நாளும் வந்துச்சி.

ஆறாம் நம்பரு மொட்ட மாடில தனியா இருக்கற ரூமு. ஜன்னல தொறந்தா மலை முழுசும் தெரியும், அதுக்காகவே கேட்டு வாங்குவாங்க. வெயில் காலத்துல அது ரூம் இல்ல, அடுப்பு. ஒரு வருஷம் கத்திரி வெயில்ல ஒரு வெள்ளக்காரம்மா அங்க வந்து தங்கிச்சி. என் வயசு இருக்கும். தனியாதான் வந்திச்சி. நாப்பது நாளு மௌனம். நான் அத்த மௌனத்தம்மான்னுதான் சொல்லுவேன். எனக்கு படிக்க தெரியாதுன்னு எப்டியோ கண்டுபுடிச்சிக்கிச்சி. அதுலேந்து எழுத்துக்கு பக்கத்துல படமும் போடும். தொடப்பம் போட்டா பெருக்கணும். பக்கெட்டு போட்டா தண்ணி. ஒரு நாளு நீள வாலோட ஒரு கொரங்கு போட்டிருந்திச்சி. மேல போயி பாத்தா கொரங்கு வாழப்பழத்தோட சோப்பையும் சேத்து தூக்கிக்கினு போயிருக்குது, எதிர் மாடில ஒக்காந்து சோப்ப கடிச்சி துப்பிக்கினு இருக்குது. ரெண்டு பேரும் சத்தம் வராம வயித்த புடிச்சிக்கினு சிரிச்சோம். அதுக்கு மௌனம், சரி. நான் எதுக்கு சத்தம் வராம சிரிச்சேன்னு இன்னிக்கும் தெரியல.

ஒரு நாள் காலைல போனா நாதாங்கில சீட்டு இல்ல. கதவுக்கு அடில பாதி வெளிய நீட்டிக்கினு இருக்குது. எடுத்து பாத்தா படமும் இல்ல. எழுத்து மட்டும், அதுவும் தண்ணில விழுந்த எறும்பு மாதிரி கோணிக்கினு போவுது. எனக்கு சரியா படல. எறங்கி ஓடியாந்தேன்.

"சார், ஆறாம் நம்பரு. இன்னிக்கு படம் போடல சார்."

கைய நீட்டி பாத்தாரு. "ஐ வில் பி ஃபைன்..." மூஞ்சி மலந்திச்சி. "ஃபைனாம். நல்லா இருக்குதாம். அடுத்தது."

"அம்மாம் எழுதியிருக்குதே சார், ஃபைன் மட்டும்தானா?"

"ஃபைனுக்கு அப்புறம் இன்னா இருக்க போவுது? தொந்தரவு பண்ணாதன்னு இருக்கும். வெரல வை."

வெச்சேன். அடுத்த ரூமு சீட்ட எடுக்கும்போது ஆறாம் நம்பரு சீட்டு காதுக்கு போயிடுச்சி.

மத்தியானம் சாப்பாட்டு கேரியர கதவு பக்கத்துல வெச்சேன். வேல முடிஞ்சி எடுக்க போனா, வெச்சது வெச்சபடி இருக்குது. "சார், மேல சாப்புடலையே"ன்னேன். "மௌனத்தோட விரதத்தையும் சேத்துக்கினிருக்கும். நீ கெளம்பு"ன்னாரு. கெளம்பிட்டேன். கதவ தட்டியிருக்கலாம். சீட்டு குடுத்துட்டா தட்டக் கூடாதுன்ற ரூலுக்கு பயந்து போயிட்டேன். அந்த கோவம் என் மேலயும் எனக்கு உண்டு. அத்தயும் மடிக்காம எழுது நசீமா.

மறுநாள் காலைல சீட்டே இல்ல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. சீட்டு இல்லன்னா தட்டலாம். தட்டினேன். மௌனத்துல இருக்கறவங்க வாயால பதில் சொல்ல மாட்டாங்க, உள்ளேந்து ரெண்டு தட்டு தட்டுவாங்க. ஒரு தட்டு கூட வரல.

கீழ வந்தா மேனேஜரு இன்னும் வரல. கவுண்ட்டருக்கு அடில குப்பக்கூட. அத்த கொட்றது என் வேலதான, கைய வுட்டேன். திரி திரியா கெடக்குது. ஒன்னொன்னா பிரிச்சேன். கோணல் எழுத்த பாத்தவொடனே இதுதான்னு தெரிஞ்சிடுச்சி. படிக்க எனக்கு எங்க தெரியும்? என் கண்ணு ஒன்னே ஒன்னத்தான் தேடிச்சி. மொத வரி நடுவுல இருந்திச்சி. குச்சி, புள்ளி, ஊனுகோலு, குறுக்கு கோடு.

ரோட்ட தாண்டி ஓடினேன். நசீமா அப்பதான் கடை ஷட்டர தூக்கறா. "படிடி"ன்னு நீட்டினேன். வாய்க்குள்ளயே ரெண்டு தடவ படிச்சா. அவ மூஞ்சி மாறிடுச்சி.

"யாராச்சும் உப்பு போட்ட தண்ணி கொண்டாந்து என்கூட கொஞ்சம் ஒக்காந்தா நான் நல்லாயிடுவேன், என்னால எழுந்து நிக்க முடியலன்னு எழுதியிருக்குதுக்கா. எப்ப எழுதினது இது?"

"நேத்து காலைல."

"யா அல்லா"ன்னுட்டு ஷட்டர பாதில வுட்டு என்கூட ஓடியாந்தா.

சாவிங்க கவுண்ட்டருக்கு பின்னாடி பலகைல தொங்கும். கைய வெக்கிறேன், மேனேஜரு உள்ள வர்றாரு.

"ஏய், சாவிய எடுக்க யாரு சொன்னா?"

"ஆறாம் நம்பரு சார். கதவ தொறக்கணும்."

"மௌனத்துல இருக்கற கெஸ்ட்டு ரூம தொறப்பியா? கம்ப்ளெய்ண்ட் ஆச்சின்னா உன் வேல போயிடும், தெரியுமா?"

"போவட்டும் சார். ஃபைனுக்கு அப்புறம் இஃப் இருக்குது. நீங்க படிக்கல."

கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "உனக்கு இஃப் தெரியுமா?"

"அது ஒன்னுதான் சார் தெரியும்."

சாவிய எடுத்துக்கினு ஓடினேன். அந்த மாடிப்படி எவ்ளோ நீளம்னு அன்னிக்குதான் தெரிஞ்சிது.

கதவ தொறந்தா இடிக்குது. கதவுக்கு பக்கத்துலயே தரைல கெடந்திச்சி. ஒதடு வெடிச்சி, கண்ணு பாதி சொருவி. மேல ஃபேன் சுத்தி அனல வாரி கொட்டுது. வெரலுங்க நடுவுல பென்சிலு. சீட்ட கதவுக்கு அடில தள்ளிட்டு, யாராச்சும் வருவாங்கன்னு அங்கயே கெடந்திருக்குது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும். தலைய தூக்கி மடில வெச்சிக்கினு கூப்புட்டேன். கண்ணு என் பக்கமா மெல்ல திரும்பிச்சி. அப்பதான் எனக்கு மூச்சு வந்திச்சி. நசீமா உப்பும் சக்கரையும் கரைச்சி கொண்டாந்தா. துணிய நனைச்சி ஒதட்டுல சொட்டு சொட்டா வெச்சோம். ரெண்டு பேருமா தூக்கி, ஆட்டோல போட்டு பெரியாஸ்பத்திரி. வழி முழுக்க என் சுண்டுவெரல புடிச்சிக்கினே வந்திச்சி. இன்னும் ஒரு வேள தள்ளி வந்திருந்தா எங்க கைல இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

மேனேஜரு ஆஸ்பத்திரிக்கு வரல. நோட்ட பத்திரமா எடுத்து வெச்சிக்கினு இருந்தாரு.

மூணாம் நாளு ஓனரம்மா வந்தாங்க. எல்லாரையும் முன் ஹால்ல நிக்க வெச்சி இன்னா ஆச்சின்னு கேட்டாங்க. மேனேஜரு நோட்ட விரிச்சி அவங்க முன்னாடி வெச்சான். இந்த எடத்துல மரியாத வராது, வுட்டுடு நசீமா.

"மேடம், நான் சீட்ட முழுசா படிச்சி இவளுக்கு சொல்லிட்டேன். தோ பாருங்க ரேகை. எழுத்து தெரியாதவ, மண்டைல ஏறல. தண்ணி கொண்டு போவல. நான் இன்னா பண்றது?"

என் வெரலு! என் வெரல காட்டியே என்ன கொலகாரியாக்கறான். ஓனரம்மா நோட்ட பாக்கறாங்க, என்ன பாக்கறாங்க. அந்த பார்வைல என் வேல பாதி போயிடுச்சி. வேல போனா போவுது. தவிச்ச வாய்க்கு தண்ணி குடுக்காதவன்னு பேரு வந்தா, அந்த பேரோட எப்டி நான் தெருவுல நடக்கறது?

"அம்மா, ஒன்னே ஒன்னு கேக்கறேன்"ன்னேன். "இவரு முழுசா சொல்லி எனக்கு தெரிஞ்சிருந்தா, மறுநாளு நான் எதுக்கு குப்பக்கூடைல கைய வுட்டு அந்த சீட்ட எடுக்கணும்? எதுக்கு ரோட்ட தாண்டி ஓடி நசீமாவ படிக்க சொல்லணும்?"

மடில முடிஞ்சி வெச்சிருந்த சீட்ட எடுத்து டேபிள் மேல வெச்சேன். பிரிச்சி பிரிச்சி பாத்தும் திரும்ப சுருண்டுக்குது. நுனில மஞ்சளா காஞ்சி போயிருந்திச்சி.

ஓனரம்மா எடுக்க வந்த கைய இழுத்துக்கினாங்க. "இன்னா இது?"

"எழுந்து நிக்க முடியாத ஒரு மனுஷி எழுதின சீட்டும்மா. நுனில இருக்கறது சாரோட காது."

மூலைல நின்னுக்கினு இருந்த கஸ்தூரி, ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு அந்த சம்பளத்துல ஓட்றவ, சொன்னா பாருங்க: "தெனம் அப்டித்தாம்மா. பாதி எங்களுக்கு படிப்பாரு, மீதி காதுக்கு." அந்த வார்த்தைய அவ மறந்திருப்பா, நான் மறக்கல. அதான் அவ அழுதா எனக்கு பொறுக்கல.

ஓனரம்மா சீட்ட ரெண்டு நகத்தால புடிச்சி முழுசா படிச்சாங்க. படிச்சிட்டு நோட்ட மூடினாங்க. "பச்சையம்மாகிட்ட சாரி சொல்லுங்க"ன்னாங்க.

மேனேஜரு என்ன பாக்கல. சுவத்து கடிகாரத்த பாத்துக்கினு இங்கிலீஷ்ல சொன்னாரு. "ஐ ஆம் சாரி இஃப் யூ ஆர் ஹர்ட்."

வந்துச்சி பாருங்க அந்த தும்மல்! சாரிக்கு பின்னாடி கூட! நீ வருத்தப்பட்டிருந்தா சாரியாம். பட்டிருந்தா! அப்ப வருத்தப்படலன்னா அவரு செஞ்சது சரியா? பொய் சொன்னது அவரு வாயி, சோதிச்சி பாக்கறது என் மனசயா?

"சார், அந்த இஃப்ப எடுத்துட்டு சொல்லுங்க"ன்னேன்.

ஓனரம்மாவே ஆடி போயிட்டாங்க. மேனேஜரு நோட்ட எடுத்து கக்கத்துல வெச்சிக்கினாரு. அந்த சாரி வரல.

"வுடு பச்சையம்மா, சொல்லிட்டாருல்ல"ன்னாங்க ஓனரம்மா.

சொல்லல. நான் வுடல. ஆனா அன்னிக்கு ஒன்னு கேட்டு வாங்கினேன். சீட்ட கடைசி எழுத்து வரைக்கும் சத்தமா படிச்சி தமிழ்ல சொன்னாத்தான் என் வெரலு நோட்டுல விழும், இல்லன்னா விழாதுன்னேன். சரின்னாங்க. அதுலேந்து அவரு ரிடையர் ஆவற வரைக்கும் தெனம் காலைல கவுண்ட்டர் முன்னாடி நின்னு, "இஃப் இருக்குதா சார்?"னு கேப்பேன். பல்ல கடிச்சிக்கினு படிப்பாரு. காது குடையறத வுடல. மீதியையும் படிச்சிட்டு குடைஞ்சாரு.

மௌனத்தம்மா பத்து நாளு கழிச்சி ஆஸ்பத்திரிலேந்து வந்திச்சி. ஊருக்கு கெளம்பற அன்னிக்கு என் கைல ஒரு சீட்டு குடுத்திச்சி. ரெண்டு பொம்பளைங்க வாய மூடி வயித்த புடிச்சிக்கினு இருக்கற படம். கீழ கொஞ்சமா எழுத்து. நசீமாகிட்ட போறதுக்கு முன்னாடி நானே தேடி பாத்தேன். குச்சியும் ஊனுகோலும் எங்கயும் இல்ல. "தாங்க்யூக்கா, அவ்ளோதான்"ன்னா நசீமா.

இதெல்லாம் இருக்கட்டும். நேத்து காலைல கஸ்தூரிய கூட்டிக்கினு கெஸ்ட் ஹவுஸுக்கு போனேன். இப்ப இருக்கறது வேற மேனேஜரு, சின்ன வயசு. "தம்பி, இவகிட்ட வெரல் வாங்கின மெமோவ முழுசா படிச்சி காட்டுங்க"ன்னேன். படிச்சாரு. கடைசில, 'மேற்கண்டவை எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன'ன்னு இருக்குது. "யாரு சொன்னது? எப்ப? அந்த போனா?"ன்னேன். ஓனரம்மாகிட்ட பேசிட்டு சொல்றேங்கன்னாரு. பேசட்டும். திங்கக்கெழம திரும்ப போறோம்.

அங்கேந்து வர்றப்ப மருந்து கடை வாசல்ல பழைய மேனேஜரு! கைல கம்பு, காதுல மெஷினு. ஆமாங்க, அந்த காதுலதான். நான் சிரிக்கலன்னு சொன்னா பொய்.

"பச்சையம்மா! எப்டி இருக்கற? நல்லா இருக்கியா?"

முதுகு இப்ப யாரு முன்னாடியும் நிமிர்றதில்ல போலக்குது. பாவமா இருந்திச்சி. ஒரு நிமிஷம்தான். இத்தன வருஷம் ஆயும் அந்த சாரிய அந்த மனுஷன் இன்னும் எனக்கு சொல்லல.

இங்கிலீஷ்லயே பதில் சொன்னேன். "ஐ வில் பி ஃபைன் சார். இஃப்..."

அதோட நிறுத்திட்டு நடந்துட்டேன்.

கம்ப ஊனிக்கினு பின்னாடியே வர்றாரு. "இஃப் இன்னா பச்சையம்மா? மீதி இன்னா? சொல்லிட்டு போ!"

எனக்கு தெரிஞ்சி அந்த மனுஷன் மீதிய கேட்டது அதான் மொத தடவ. நான் திரும்பி பாக்கல.